நாலு என்றால் நாலு என்ன?

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

அப்பா ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறார். வேலைக்குப் போவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேற்றுப் பாதைகளில் ஓட ஆசை. அதற்கு ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்த வேண்டுமாம். மூன்று நாட்களாக இதைப்பற்றியே வாசித்ததால், பாரிஸ் லாச்சப்பலில் உள்ள உதிரிப்பாகக் கடைக்கு இன்று நானும் கூடப் போனேன்.

"யோசிக்காதேங்கோ அண்ணை, நாலு உயர்த்துவம்," என்றார் கடைக்காரர்.

"நாலு காணும்," என்றார் அப்பா, இரண்டு விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி காட்டி.

அப்பா காட்டியது நாலு சென்டிமீட்டர். பெட்டியில் எழுதியிருந்ததோ நாலு அங்குலம். அது பத்து சென்டிமீட்டர்!

"நாலு என்ன, மாமா?" என்று கேட்டேன்.

"நாலுதான் பிள்ளை. எல்லாரும் போடுறது."

"பெட்டியிலை அங்குலம் எண்டு கிடக்கு. அடுத்த மாசம் கொந்த்ரோல் தெக்னிக், வண்டியைச் சோதிப்பினம். இந்த உயரத்தோட வண்டி பாஸ் பண்ணுமோ? இதுக்குப் பப்பியே, பத்திரம் ஏதும் இருக்கோ?"

"அண்ணை, மகள் லோயருக்கோ படிக்கிறா?" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அவள் கேட்டதுக்குச் சொல்லுங்கோவன். வண்டியை ஓட விடாட்டி நான் வேலைக்கு எதிலை போறது?"

பத்திரம் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனவர், வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"கடை பூட்டுற நேரம், அண்ணை."

பின்னேரம் மூன்று மணிக்கே பூட்டும் கடை லாச்சப்பலில் வேறு இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். நாங்கள் வாசலைத் தாண்டுமுன்பே அவர் விளக்குகளை அணைத்துவிட்டார்.