விரத நாட்களில் விழித்தது

ஃபெரி வருவதற்கு வெகு முன்பே துறைக்கு வந்துவிடுவேன். உட்கார மாட்டேன். பேருந்துகள் திரும்பும் வளைவு வரை போவேன், திரும்புவேன், தண்ணீரைப் பார்ப்பேன், மறுபடி வளைவு. அண்ணன் அக்கரையிலிருந்து வருகிறான். அங்கே பிறை என்ற ஊரில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், எனக்கு இரண்டே வயது மூத்தவன். தீவுக்கு அவன் வருவது ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க.

அண்ணன் உடம்பில் எச்.ஐ.வி. குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. குடும்பத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். மாத்திரைப் புட்டியை ஒரு நாள் பார்த்துவிட்ட அம்மாவிடம் இனிப்பு நீர் வியாதிக்கு என்று சொல்லிவைத்தான். சாகும்வரை அம்மா அவனுக்குச் சீனி இல்லாத தேநீரே கொடுத்தாள். அவனும் முகம் சுளிக்காமல் குடித்தான். இப்போது யாரும் கேட்பதில்லை, ஆனாலும் அவன் சீனி போடுவதில்லை.

இந்த வருடத் தைப்பூசம் முடிந்து, வழக்கமான பரிசோதனைக்கு வந்தோம். டாக்டர் தமிழ் முஸ்லிம் பெண், எங்களைவிட இளையவர். கணினியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணே, மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேன் டாக்டர்.”

“தெனமும்?”

அண்ணன் மேசை மேலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

“கிருமி ஏறியிருக்குண்ணே. இத்தன வருஷமா மெஷினுக்கே தட்டுப்படாம இருந்துச்சு. இப்ப நல்லா தெரியுது.”

நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். அண்ணன் மெல்லச் சொன்னான்: “பூசத்துக்கு வெரதம் இருந்தேன்.”

“அதுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் டாக்டர்.

சம்பந்தம் இருந்தது. பால்குடம் எடுப்பவர்களும் காவடி எடுப்பவர்களும் விரத நாட்களில் ஒரு கொட்டகையில் கூடிப் பஜனை பாடுவார்கள். அண்ணன் எப்போதும் பால்குடம்தான். அலகு குத்த மாட்டான். தன் ரத்தம் இன்னொருவர் கையில் படக்கூடாது என்பது அவனே போட்டுக்கொண்ட சட்டம். கொட்டகையில் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள். “ஆளு நாப்பது அடி லோரிய ஒடிச்சுத் திருப்புவாரு, ஊசியப் பார்த்தா மட்டும் மயக்கம் லா.” அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான்.

அப்படி ஒரு மாலையில் ஒருவர் தன்னுடைய மீன் எண்ணெய் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டியிருக்கிறார். “மேல் கூடு மாட்டு எலும்புல செய்யறது. வெரதத்துல இத முழுங்கிட்டு மலை ஏறவா?” அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போனான். தன் புட்டியை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தான். பூசம் முடிந்து பாலை ஊற்றிவிட்டு வந்துதான் அதை இறக்கினான்.

எல்லா மாத்திரையும் அப்படித்தானா என்று அண்ணன் அந்த ஆளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், உனக்கு என்ன மாத்திரை என்று திருப்பிக் கேட்பார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே,” என்றார் டாக்டர்.

“நீங்க பாய் வீட்டுப் பிள்ள. உங்ககிட்ட வந்து மாடு, வெரதம்னு எப்படிக் கேக்கறது?”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நோன்பு மாசம் வந்தா எங்க ஆளுங்க வரிசையா நின்னு பன்னியான்னு கேக்கறாங்க. நீங்க மாடான்னு கேட்டா எனக்குக் கோவம் வருமா? உங்க மாத்திரைக்குக் கூடே கிடையாது. அழுத்திச் செஞ்ச வில்ல. பால் சக்கரை கொஞ்சம் இருக்கும். முருகனுக்குப் பால் ஆகும்தானே?”

அண்ணன் தலை கவிழ்ந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக நிறுத்தியிருக்கிறான்.

டாக்டர் பிறகு சொன்னதுதான் அந்த வாரங்கள் முழுக்க என்னைத் துரத்தியது. விழித்துவிட்ட கிருமி பழைய மாத்திரைக்கு இன்னும் அடங்குமா என்று தெரியாது. அடங்காமல் பழகியிருக்கலாம். ரத்தத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும், முடிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை பழையதையே சாப்பிடட்டும்.

நான் கேட்டேன்: “இத்தன வருஷமா உள்ளயே இருக்கு. ஒடம்பு இன்னுமா அத அடிக்கக் கத்துக்கல?”

“கத்துக்குதுக்கா. அதான் பாவம். விடாம கத்துக்குது.”

காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார், வட்டத்தைச் சுற்றி முட்கள். உடம்பு அந்த முள்ளின் உருவத்துக்குப் பொருந்துகிற எதிர்ப்பொருளை, ஆன்டிபாடியை, செய்கிறது. அது போய் ஒட்டிக்கொள்கிறது, கிருமியை மடக்குகிறது. ஆனால் கிருமி தன்னைப் படியெடுக்கும்போது பிழையாகவே படியெடுக்கும். ஆயிரம் பிழைகளில் பெரும்பாலானவை வீண். ஏதோ ஒன்றில் முள் சற்றே கோணியிருக்கும். எதிர்ப்பொருளின் பிடி அதில் வழுக்கும். வழுக்கியது பிழைக்கும், பெருகும், கொஞ்ச நாளில் அதுவே கூட்டம். உடம்பு அதையும் படிக்கும், புதிதாகச் செய்யும். அதற்குள் கூட்டம் வேறு.

“இன்னைக்கு அண்ணன் ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி, சில மாசத்துக்கு முன்னால இருந்த கிருமிய நல்லா புடிக்கும். இன்னைக்கு இருக்கறத புடிக்காது.”

முள்ளின் மேல் சர்க்கரைப் போர்வை வேறு உண்டாம். அந்தச் சர்க்கரை நம் உடம்பே செய்வது. நம்முடையதுதானே என்று உடம்பு விட்டுவிடும். போர்வையில் ஓட்டை விழுந்து அங்கே எதிர்ப்பொருள் நுழைந்தால், கிருமி போர்வையை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் செல்லைப் பற்றும் இடத்தை மட்டும் அதனால் அதிகம் மாற்றிக்கொள்ள முடியாது. அதை ஒரு குழிக்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

“சில பேரு ஒடம்பு வருஷக்கணக்கா தொரத்தித் தொரத்தி, அந்தக் குழி வரைக்கும் கை நீட்டக் கத்துக்கும்.”

“அப்ப அண்ணனுக்கு?”

“கத்துக்கிட்டிருந்தாலும், அவருக்குள்ள இருக்கறது அதுக்கும் தப்பிக்க வழி பார்த்திருக்கும். வேற யாருக்காவது அந்த ஆன்டிபாடி ஒதவலாம். மாத்திர தெனம் சாப்பிட்டா அது தூங்கும்கா. தூங்கறது உடுப்பு மாத்தாது.”

மாத்திரையை நிறுத்திய நாட்களில் அது விழித்திருந்தது. அண்ணன் உப்பும் காரமும் குறைத்து, தரையில் பாய் விரித்துப் படுத்து, சாமி பேரைச் சொல்லி உடம்பைச் சுத்தமாக்கிய அதே நாட்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலை கணினிச் சில்லுகளில் பழுது தேடுவது. மெஷினின் கேமரா முதலில் பார்க்கும், அது ஒதுக்கியதை நான் பார்ப்பேன். எந்தக் கீறலைக் காட்டிக்கொடுத்தோமோ அந்தக் கீறலைத்தான் மெஷின் பிடிக்கும். புதிய மாதிரிக் கீறல் ஒன்று வந்தால் நல்ல சரக்கு என்று அனுப்பிவிடும். யாரோ கண்டுபிடித்துக் கற்றுக்கொடுப்பதற்குள் பெட்டி கப்பலேறியிருக்கும். இத்தனை காலமும் அது எனக்கு வெறும் வேலைத் தொல்லை. அந்த வாரங்களில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் அண்ணன் தெரிந்தான். ஒவ்வொரு சில்லையும் இரண்டு முறை பார்த்தேன். பக்கத்து மேசை அக்கா, “என்ன, தங்கம் தேடுறியா?” என்றாள்.

வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியவில்லை. லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்தேன். புடவைக் கடை வாசலில் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்றைய பச்சைக்காரி இன்று மஞ்சள். முகம் அதே முகம். நின்றேன், நிற்க முடியாமல் நகர்ந்தேன். ஒன்றும் வாங்கவில்லை. இரவில் நாட்குறிப்பில் ஒரு வரி எழுத உட்கார்ந்தால் அடித்து எழுதினேன், அடித்ததை அடித்தேன். கடலும் அப்படித்தான் இருந்தது, ஒரே இடத்தில் இருந்துகொண்டே ஓயாமல்.

அண்ணனுக்குப் போன் செய்வேன். “மாத்திர போட்டியா?”

“போட்டேன் லா.”

“எப்ப?”

“நீ என்ன, கிருமிய விட மோசமா இருக்க.”

முடிவு வந்த நாளில் ஃபெரி தாமதம். அண்ணன் இறங்கி வரும்போது சவரம் செய்து, விபூதி இட்டு, சட்டையை உள்ளே விட்டிருந்தான். நேர்காணலுக்குப் போகிறவன் மாதிரி.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து. அதில் ஒன்றுக்குக் கிருமி இனி அடங்காது, அது போனது போனதுதான். மற்ற இரண்டும் வேலை செய்யும். வேறு மாத்திரை தருகிறேன், அதற்கு அநேகமாக அடங்கிவிடும், சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தால் தெரியும்.

ஒன்று போயிற்று. முழுவதும் போகவில்லை. எதற்கு மூச்சு விடுவது, எதற்குப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் புதிய புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“டாக்டர், இதுல மாடு ஏதும்...”

“இல்லண்ணே. பன்னியும் இல்ல.”

“சரி,” என்றான். அங்கேயே ஒன்றை எடுத்து, என் தண்ணீர் போத்தலை வாங்கி விழுங்கினான். டாக்டர் வேறெங்கோ பார்த்தபடி மேசையைச் சரிசெய்தார்.

திரும்பும்போது துறையில் நின்றோம். அவன் நின்றான், நான் அவனைச் சுற்றி நடந்தேன்.

“அந்த ஆளு மீன் எண்ணெயக் கொட்டினாரே,” என்றான். “பாவம், நெஞ்சு வலிக்காரரு. வேற நல்ல மாத்திரையும் நிறுத்தியிருப்பாரோ என்னவோ. கூடு இல்லாததும் இருக்குன்னு அடுத்த பஜனையில சொல்லணும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு.”

“கேப்பாரு.”

“என்ன மாத்திரன்னு கேப்பாரு.”

ஃபெரியின் கதவு திறந்தது. மோட்டார் சைக்கிள்கள் இறங்கத் தொடங்கின. அண்ணன் புட்டியைச் சட்டைப் பையில் போட்டான். அது வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நான் கை நீட்டி உள்ளே தள்ளப் போனேன். அவன் என் கையை விலக்கினான்.

“கேக்கட்டும் லா,” என்று சொல்லிவிட்டு நடந்தான்.