பாட்டில் கழுத்தில் இருந்த பச்சை நூல்

பேய், ஆவி, செத்தவர் வந்தார் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறவள் நான். தினமும் விளக்கேற்றி நடராஜரைக் கும்பிடுகிறேன், எனக்கு அவர் ஒருத்தர் போதும். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பொம்பளை ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிடுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒருத்தர் தனியாகக் குடிவந்தார். ஏர்ஃபோர்ஸில் விமானம் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அதற்கப்புறம் மனோதத்துவம் படித்து, மெஷினை மனுஷன் கைக்கும் மனசுக்கும் ஏத்த மாதிரி எப்படிச் செய்வது என்று ஆராய்ச்சி பண்ணியவராம். அது என்ன சார் படிப்பு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கூடப் பறந்த சிநேகிதன் ஒருத்தன்மா. எறங்கும்போது ஒரு கைப்பிடிய இழுக்கறதுக்குப் பதிலா பக்கத்துல இருந்தத இழுத்துட்டான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். பைலட் தப்புன்னு எழுதி ஃபைல மூடிட்டாங்க. செத்தவன் மேல எழுதறது சுலபம். ஒரே மாதிரி ரெண்டப் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்களே, அது யார் தப்பு? அதத் தேடித்தான் படிக்கப் போனேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கண்ணும் மங்கல், ஊசி போடுவது நான்தான். காலையில் நின்று வேலை செய்கிற மருந்து முப்பது யூனிட், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வேகமான மருந்து எட்டு யூனிட். ரெண்டும் தண்ணி மாதிரி, பாட்டிலும் ஒரே அளவு. ஒருநாள் காலையில் மாற்றி எடுத்துவிட்டேன், பேப்பர் வாங்க இறங்கி வந்த சார் பார்த்து நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவே இல்லை. மாடிக்குப் போய் ஒரு பச்சை நூல் உருண்டை கொண்டுவந்தார், பாராசூட் தைக்கிற நூலாம், மெழுகு பூசித் தடிப்பாக இருக்கும். காலை பாட்டில் கழுத்தில் ஒரு முடிச்சு, ராத்திரி பாட்டிலில் ரெண்டு. "இனிமே கண்ண மூடிக்கிட்டு எடும்மா, விரல் சொல்லும்" என்றார்.

கண் சொட்டு மருந்துக்கு மூணு போடப் போனார்.

"ஐயோ வேணாம் சார், மூணு முடிச்சு கழுத்துல ஒரு தடவதான் விழணும், பாட்டிலுக்கெல்லாம் போடாதீங்க."

கட்டிலில் இருந்த வீட்டுக்காரர், "போடட்டுமேடி, அதாச்சும் என்னை எதுத்துப் பேசாம இருக்கும்" என்றார்.

சார் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "சரி, உங்க வீட்டு ரூல்ஸ்ல மூணு கெடையாது" என்று நாலாகப் போட்டார். எங்கள் மாடியில் இருந்த ஆறு வருஷத்தில் அவர் மூணு போட்டதே இல்லை.

ஆனித் திருமஞ்சனத்துக்கு எங்களைச் சிதம்பரம் கூட்டிப்போவார். "சாமி இருக்காரா எனக்குத் தெரியாதும்மா, ஆனா அந்த தீட்சிதரப் பாருங்க, ஒவ்வொரு சாமானா தொட்டுப் பாத்துட்டுத்தான் பூஜைய ஆரம்பிக்கிறாரு. நாங்க விமானம் எடுக்கறதுக்கு முந்தி பண்றதும் இதான்" என்பார். நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில்தான், புயல் வந்த வருஷம் ஐப்பசியில், அவர் கண்ணை மூடினார். அவருடைய மகள் வந்து அந்தப் பச்சை நூல் உருண்டையை அவர் நெஞ்சிலேயே வைத்து அனுப்பினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கப்புறம் பூ கட்டுகிற வெள்ளை நூலில் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மார்கழியில் புயல். முந்தினநாள் அவசரமாகப் புது மருந்து ரெண்டு பாட்டில் வாங்கினேன், நாளைக்கு நூல் கட்டலாம் என்று வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் காற்று வீட்டையே ஆட்டிவிட்டது, கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, மருந்தைப் பானைத் தண்ணீருக்குள் சொம்பில் இறக்கி வைத்தேன். பழைய பாட்டில் ரெண்டும் அன்று ராத்திரியோடு தீர்ந்தது.

அடுத்த விடியல், இன்னும் இருட்டு. சாமி மாடத்து அகல்தான் வெளிச்சம், அதில் ஊசியின் கோடு தெரியும், பாட்டில் எழுத்து தெரியாது, நான் அதைப் பார்ப்பதும் இல்லை. ரெண்டு நாளாகத் தூக்கமில்லாத அசதியில் நூல் கட்டாததே மறந்துபோச்சு. பழக்கத்தில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தேன். கட்டைவிரலில் நூல் தட்டியது. தடிப்பான நூல், வழவழவென்று மெழுகு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு முடிச்சு.

எங்கள் வீட்டில் மூணு கிடையாதே என்று திக்கென்றது. பாட்டிலை அப்படியே சாமி மாடத்தில் வைத்தேன், அப்போதுதான் புது பாட்டிலுக்கு நான் நூலே கட்டவில்லை என்பது ஞாபகம் வந்தது. வெளிச்சம் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. விடிந்து பார்த்தால் ரெண்டு பாட்டில் கழுத்திலும் ஒன்றுமே இல்லை. மாடத்தில் வைத்தது ராத்திரி மருந்து. அது முப்பது யூனிட் வெறும் வயிற்றில் ஏறியிருந்தால் இவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டரே பிற்பாடு சொன்னார். தெரு முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை.

"லேபிள் ஈரத்துல சுருண்டு கையில தட்டியிருக்கும்டி" என்கிறார் வீட்டுக்காரர். லேபிள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. சார் இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். மேகத்துக்குள் போனால் விமானம் நேராகப் போகும்போதே சாய்கிற மாதிரி உடம்பு பொய் சொல்லும், அதை நம்பக் கூடாது என்று அடிக்கடி சொல்வார். சரி, என் விரலும் பொய்தான் சொன்னது என்றே வையுங்கள். இத்தனை வருஷம் தடவிப் பழகிய விரல் ஒண்ணு என்றோ ரெண்டு என்றோதானே சொல்லியிருக்கணும்?

வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், இப்போதுகூட உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் குளித்துவிட்டுத் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசுவேன். கட்டைவிரல் முடிச்சுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு அது மஞ்சள் கயிறுதான். விரலுக்கு மட்டும் மெழுகு தட்டுகிறது.