பேணாட்டின் பன்னிரண்டு நாட்கள்

பாரை மீனின் வாலைப் பிடித்து மரக்குத்தியில் போட்டுச் செதிளைச் சீவத் தொடங்கும்போதே ஞானமலரின் உதடும் அசையத் தொடங்கிவிடும். ஒரு மீனுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. தலை துண்டாகி விழும் இடத்தில் ‘ஆமென்’ வரும். பொடி மீனான சாளை வாங்குகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. “சாளை ஒவ்வொண்டுக்கும் சொன்னா மாதாவுக்கே அலுத்துப் போகும்” என்பாள்.

திருகோணமலை மீன் சந்தையில், கிண்ணியாக்காரர் ஸெய்னுதீனின் மீன்கடைக்கு இடப்பக்கம் அவளுடைய குத்தி இருக்கிறது. வயது நாற்பத்து மூன்று. சட்டைக்கு மேல் செத்துப்போன கணவனின் நீலச் சேட்டைப் போட்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பாள். மீனைப் பார்த்ததும் அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவாள், கேட்க வேண்டியதில்லை. “இதைப் பொரிச்சுக் கெடுக்காதேங்கோ” என்று ஒருமுறை ஒரு பொலிஸ்காரரிடமே சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஊருக்குள்ளேயே திரிந்து, சந்தைக் குப்பையைத் தேடி வரும் மான்களோடும் அவளுக்குக் கதை உண்டு. ஆனால் குட்டியோடு வரும் மானை மட்டும் துரத்திவிடுவாள்.

லிங்கநகரில் அவளுடைய வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. அவள் அந்த வழியால் போவதில்லை. ஒரு ஒழுங்கைத் தெரு சுற்றி, கீர்த்தனியின் வேலியோரமாகப் போவாள். அங்கே கொடியில் ஆம்பிளை உடுத்தும் சாரம் காய்கிறதா என்று பார்ப்பாள். காயும். ஆம்பிளைச் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்ப்பாள். கிடக்கும். பார்த்தபின் நடையை எட்டிப் போடுவாள். நாளைக்கு இந்தப் பக்கம் வருவதில்லை என்று நினைப்பாள். அடுத்த நாளும் வருவாள்.

கீர்த்தனியின் கணவன் பிரதீபனும் ஞானமலரின் கணவன் பேணாட்டும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். மூன்று வருடங்களுக்கு முன், கரையிலிருந்து வெகுதூரத்தில் இயந்திரம் நின்றுபோய், படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. பத்தொன்பதாம் நாள் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் பிரதீபனை உயிரோடு தூக்கியது. பேணாட் பன்னிரண்டாம் நாளே போய்விட்டான். உடலைக் கடலில்தான் விட வேண்டியிருந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் இரண்டு பெண்களும் மாதா கோயிலில் ஒரே பாயில் கிடந்தார்கள். ஒரே நவநாள் செபத்தைச் சொன்னார்கள். ஒரு பெட்டி மெழுகுதிரியைப் பாதிக்குப் பாதி பிரித்துக் கொளுத்தினார்கள். ஞானமலரால் விழுங்க முடியாதது அதுதான். “ஒரே பெட்டி. அவள் கொளுத்தினது மேல போச்சு, நான் கொளுத்தினது எங்க போனது?”

நாற்பது நாள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். பேணாட்டிடம் மீன் வாங்கி வந்த ஸெய்னுதீன்தான் ஆளனுப்பி, கடைக்குப் பக்கத்தில் ஒரு குத்தி சும்மா கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். முதல் மாதம் மீனைவிட அவளுடைய விரல்கள்தான் அதிகம் வெட்டுப்பட்டன. அப்போதுதான் கைநடுக்கம் நிற்பதற்காக மந்திரம் சொல்லத் தொடங்கினாள். பக்தியைவிடப் பயத்தில் தொடங்கியதுதான் அது. என்றாலும் நடுக்கம் நின்றது. பசித்தது. சோறு இறங்கியது.

பொறாமை மட்டும் இறங்கவில்லை. வருடா வருடம் படகு புறப்பட்ட அதே தேதியில் கோயிலில் ஒரே பூசைக்கு இரண்டு கருத்துகள் வாசிக்கப்படும். பிரதீபன் உயிரோடு மீண்டதற்கு நன்றியாக. பேணாட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வாசிப்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பூசை முடிவில் கீர்த்தனி எழுந்து, ஆண்டவர் தன் கண்ணீரைப் பார்த்தார் என்று சாட்சி சொல்வாள். சமாதானம் பகிரும் வேளையில் ஞானமலர் மற்றப் பக்கம் திரும்பிக் கை கொடுப்பாள். மாதத்துக்கு ஒருமுறை, பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, “போன மாசம் சொன்னதுதான் ஃபாதர்” என்பாள்.

போன வருடக் கடைசியில், எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த கீர்த்தனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து, பிள்ளை இல்லாமலேயே விதவையானவள் ஞானமலர். செய்தி வந்த அன்று வெட்டிய சீலா மீன் துண்டுகளில் ஒன்றுகூட ஒரு அளவில் இல்லை. ஸெய்னுதீன் பார்த்தார், அந்த மீனைத் தன் வீட்டுக்கென்று எடுத்துவைத்தார்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது பிரதீபனும் கீர்த்தனியும் குழந்தையோடு சந்தைக்கு வந்தார்கள். பிரதீபன் இப்போது கடலுக்குப் போவதில்லை; ஓட்டோ ஓட்டுகிறான். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று, மலரக்காதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று கேட்டான். பேணாட்டின் நினைவாகப் பிள்ளைக்குப் பேணடெற் என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னாள் கீர்த்தனி.

ஞானமலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பேரையுமோ எடுக்கப் போறியள்?”

கீர்த்தனியின் கண் நிறைந்துவிட்டது. ஞானமலர் அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்ததை பிரதீபனிடம் சொன்னாள்.

“என்ர மனுசன்ர கடைசிப் பன்னிரண்டு நாளும் உன்னட்டக் கிடக்கு. அது எனக்கு வேணும். ஒவ்வொரு நாளாச் சொல்லு. பிறகு நான் வாறன்.”

வீட்டில்கூட அதை அவன் சொன்னதில்லை. என்றாலும், “ஓம் அக்கா” என்றான்.

அடுத்த நாளிலிருந்து சந்தை கலையும் மத்தியான வேளையில் ஓட்டோ வந்து நிற்கும். அவளை ஏற்றிக்கொண்டு லிங்கநகர் போய்ச் சேரும் வரையில், கடலில் கழிந்த ஒரு நாளைச் சொல்வான். முதல் நாள், அவள் கட்டிக் கொடுத்த புட்டில் பாதியைப் பேணாட் பிரதீபனுக்குப் பிரித்துக் கொடுத்தது. நாலாம் நாள், உரப்பையைக் கிழித்துப் படகுக்குப் பாய் கட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் மழை. ஐஸ் பெட்டியின் மூடியில் தண்ணீர் பிடித்தது. ஏழாம் நாள் இரண்டு பேரும் ஏதோ சின்ன விஷயத்துக்குச் சண்டை பிடித்து, பொழுது சாயும்வரை பேசவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சப் பயணம் முழுக்கப் பிரதீபனும் பேசாமலே ஓட்டினான். அதையும் அவள் முழுதாக வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பேணாட் அவளுடைய தேங்காய்ப்பால் சொதியைப் பற்றிக் கதைத்திருக்கிறான். உப்புக் காணாது என்று புறப்படுகிற அன்று கோப்பையைத் தள்ளிவிட்டுப் போனவன். சுற்றிவர உப்புத் தண்ணியாய்க் கிடக்க, உப்பில்லாத அந்தச் சொதி ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று சொல்லிச் சிரித்தானாம். ஞானமலரும் சிரித்தாள். ஓட்டோக் கண்ணாடியில் அதைப் பார்த்த பிரதீபன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் முதுகைத் தட்டிவிடவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை இருந்தாள். இவன் கண்ட அந்தச் சிரிப்பைத் தான் காணவில்லையே என்ற எரிச்சல் அப்போதும் இருந்தது.

பன்னிரண்டாம் நாளை அவன் அவளுடைய வீட்டு வாசலில் நிறுத்தித்தான் சொன்னான். இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேணாட்டுக்கு நாவு தடித்துப்போயிருந்தது. மூன்றாம் பத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது.

“‘எண்ணினது பிழைச்சுப் போச்சு பிரதீபன். முதல்ல இருந்து தொடங்குவம்’ எண்டவர். நான் தொடங்கினனான் அக்கா. அவர்ர சத்தம் வரேல்ல. நித்திரை எண்டு நினைச்சனான்.”

“முடிச்சியா?”

“ஓம். ரெண்டு பேருக்குமாச் சேர்த்து முடிச்சனான்.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், உலை வைத்து, வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

ஞானஸ்நானத்தன்று வெள்ளைச் சீலை உடுத்தி வந்தாள். சுவாமியார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “விசுவசிக்கிறேன்” என்றாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் பேணடெற் வீரிட்டு அழுதாள். ஞானமலர் அவளைத் தோளில் போட்டுக் காதோரம் ஏதோ முணுமுணுக்க, அழுகை ஓய்ந்தது. எல்லாரும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். கீர்த்தனி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“தாங்கோ அக்கா. உங்களுக்குக் கை உளையும்.”

ஞானமலர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.