வற்றாத சித்திரை

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் இன்று யாரோ இறக்கிவைத்த கருவாட்டுக் கூடையிலிருந்து உப்பும் ஈரமணலும் கலந்த வாசனை எழுந்தது. கல்லூரிப் பேருந்தைத் தவறவிட்டு, பிள்ளைப்பாக்கத்துச் சித்தியோடு சிறுவயதில் ஆண்டுதோறும் சுற்றிய அந்தக் கடலோர ஊருக்கே நினைவில் போய் நான் நின்றிருந்தேன். மாசி மகத்தன்று அங்கே குளிக்க இறங்கிய சித்தப்பாவின் உடல் கிடைக்கவேயில்லை. ஏரிக்கரையில் வளர்ந்த சித்தியோ, ஏரியில் விழுந்தவையெல்லாம் கோடையில் நீர் வற்றியதும் வெளிப்படுவதுபோல அவரும் கிடைப்பார் என்று நம்பினார். ஆகவே ஒவ்வொரு சித்திரையிலும் கலங்கரை விளக்கம், சவுக்குத் தோப்பு, சங்குக் கடைகள் என எனக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டு, மாலையில் மணல்மேட்டில் அமர்ந்து, நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்.

"இன்னாம்மா, வருசா வருசம் வந்து குந்திகினு கீற? கடலு எங்கனா வத்துமா?" என்று சிரித்தாள் சங்குக் கடைக்காரி.

"எம்மாம் பெரிய ஏரி எங்களுது, அதுவே வத்துது," என்றார் சித்தி.

கடல் வற்றவில்லை; ஏறியது. முதலில் தோப்பு போயிற்று, பிறகு கடைகள். கடைசியாகச் சென்றபோது மணல்மேடும் இல்லை. சித்தியின் கணுக்காலை அலை சுற்றியதும், பயந்துபோய் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"ஏன்டி இழுக்கற?" என்றார் சித்தி, அசையாமல். "உங்க சித்தப்பாதான் நம்மளத் தேடிகினு வராரு."