எங்கள் அக்காவின் வண்டி விற்பனைக்கு இல்லை

அன்று மலையிலிருந்து இறங்கிய வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டியவர் அக்கா. அவருக்குப் பக்கத்தில் மாமா. பின்சீட்டில் நான், அக்காவின் மகள் கவிதா, கரியாலூரில் ஏறிய வெள்ளையம்மா என்ற பெரியவர், அவர் மடியில் கால் கட்டிய ஒரு கோழி. டிக்கியில் நான்கு பலாப்பழமும் அரை மூட்டை புளியும். இவ்வளவுதான். அக்கா பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு வந்தார் என்றும், பிரேக்கே இல்லாத வண்டி என்றும், அன்றைய பயம்தான் பிறகு நோயாக வந்து அவரைக் கொண்டுபோனது என்றும் நம் சொந்தத்தில் சிலர் இந்த ஒரு வருடமாகப் பேசி வருகிறார்கள். பேசியவர்கள் யாரும் வண்டியில் இல்லை. நான் இருந்தேன்.

நினைவு நாள் படையல் முடிந்ததும் வண்டியைக் காயலாங்கடைக்குப் பேசி முடித்துவிடலாம் என்று பெரியண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறார். அதனால்தான் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை நான் எழுதுகிறேன். கவிதா எழுதுவதாகச் சொன்னாள். அவள் நாகரிகமாக எழுதிவிடுவாள் என்று நானே வாங்கிக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். இதைப் படித்துவிட்டு யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. வந்தால் வரட்டும்.

அக்கா பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், குத்தகை நிலம் உழுத எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாக. மழை இல்லாத வருடங்களில் அப்பா கரும்பு வெட்டப் போய்விட, மோட்டார் கொட்டகை அக்காவின் பொறுப்பில் இருந்தது. கரண்டு வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போடுவதும், தண்ணீர் எடுக்கவில்லை என்றால் பைப்பைக் கழற்றிப் பார்ப்பதும் அவர்தான். பத்தாவது வரை படித்தார். சின்னசேலத்தில் வாடகைக் கார் ஓட்டிய மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவின் வண்டி வெள்ளை டீசல் அம்பாசிடர். அவர் கைக்கு வரும்போதே பழசு.

ஒரு நாள் காலையில் மாமாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. வண்டி வாசலில் நின்றது. அப்போதே விற்கச் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. மாமாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, அவர் இடது கையால் காட்டக் காட்ட ஓட்டிப் பழகினார். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஆண்கள் சிரித்ததை அக்காவே வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். அதன்பிறகு வாரம் இரண்டு தரம் மலைக்குப் புடவையும் நைட்டியும் ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது புளியும் பலாவும் வாங்கி வருவார். அந்த வருமானத்தில்தான் மாமாவுக்கு மருந்து, கவிதாவுக்குக் காலேஜ், எனக்குச் சோறு.

நான் கூடப் போவேன். பயந்துகொண்டேதான் போவேன். என் பையில் எப்போதும் இரண்டு கருங்கல் இருக்கும். வண்டி நின்றால் இறங்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிடுவேன். சமதரையிலும் கொடுப்பேன். கடைக்காரர்களிடம் அக்கா என்னைக் காட்டி, "இவதான் எனக்கு ஹேண்ட் பிரேக்கு" என்பார்.

இனி அந்த நாள். கரியாலூரை விட்டு இரண்டு வளைவு இறங்கியிருப்போம். அக்காவின் முதுகு சட்டென்று நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. கோழிய கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு."

பிரேக் பெடல் கல் மாதிரி ஆகியிருந்தது. அக்கா கியரைக் குறைத்துக்கொண்டே வந்தார். செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் பெடல்மேல் வைத்து, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சீட்டை விட்டு எழும்புகிற மாதிரி மிதித்தார். பக்கத்தில் மாமாவின் இடது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை. நான் இறங்கிக் கல்லை வைத்தேன். வெள்ளையம்மா மடியைப் பார்த்துவிட்டு, "முட்டையே வுட்டுடுச்சும்மா" என்றார்.

பிரேக் இல்லாத வண்டி என்கிறவர்களுக்காக, மெக்கானிக் சொல்லி நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். அந்த வண்டியில் இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சுகிற ஒரு பம்பு இருக்கிறது. அந்த உறிஞ்சல் ஒரு ரப்பர் பைப் வழியாகப் பிரேக்குக்குப் போய், மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்கிறது. அந்தப் பைப் சூட்டில் வெந்து, வளையும் இடத்தில் வாய் பிளந்திருந்தது. பிரேக் அப்படியேதான் இருந்தது. காலுக்குக் கிடைத்த உதவிதான் போனது. உதவி இல்லாமலே நிறுத்தியவர் எங்கள் அக்கா.

பின்னால் வந்த டெம்போவில் எங்களை ஏறச் சொன்னார். கவிதாவும் வெள்ளையம்மாவும் ஏறினார்கள். மாமா இறங்க மறுத்துவிட்டார். நானும் காரிலேயே உட்கார்ந்துகொண்டேன். டெம்போக்காரரை எனக்குத் தெரியாது, அக்காவைத் தெரியும். பிளந்த இடத்தில் அக்கா சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, முதல் கியரிலேயே அடிவாரம் வரை கொண்டுவந்து சேர்த்தார்.

நாங்கள் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பெரியண்ணன் வாசலில் நின்றிருந்தார். எங்கள் பெரியப்பா மகன், குடும்பத்தில் மூத்தவர். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள்.

"இன்னாம்மா, எல்லாரையும் ஒரே குழியில தள்ளி மூடப் பாத்தியா?"

"அதான் வந்துட்டோமேண்ணா."

"இந்த வண்டியே இப்ப வர்றதில்ல. பைப்புக்கு எங்க போவே? வித்துட்டு வூட்ல இரு."

"பைப்பு கெடச்சிட்டா?"

"கெடச்சி, நீ மறுபடியும் மலை ஏறி எறங்கி வந்துட்டீன்னா நான் ரெண்டாயிரம் ரூபா தரேன். இங்க இருக்கிற எல்லாரும் சாட்சி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியா? நீதான் எதையும் மறக்க மாட்டே."

கள்ளக்குறிச்சியில் கடை கடையாக ஏறினோம். எல்லாரும் கையை விரித்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து, மருந்தடிக்கிற ஸ்பிரேயர் பைப்பில் ஒரு முழம் அறுத்து மாட்டினார். வாய் சரியாக உட்கார்ந்தது. இன்ஜினைப் போட்டதும் பைப் சப்பையாகச் சப்பிக்கொண்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. அக்கா சிரித்தார்.

"மோட்டாருக்குக் கத்துக்கினத மறந்துட்டேன் பாரு. இது தள்ளற பைப்பு. நமக்கு வேணுங்கிறது இழுக்கிற பைப்பு. கெணத்துக்குள்ள எறக்குற பைப்பு எப்படி கெட்டியா இருக்கும்? சப்புனா தண்ணி ஏறுமா?"

அதற்குப் பிறகு அக்கா எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்று செய்வார். பைப்பின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுப்பார். சப்பினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சேலத்துக்குப் பஸ் ஏறிப் போனபோதும் இதையே செய்தார். கடையில் லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னாம்மா, ஜூஸ் நல்லா இருக்குதா?" என்றார் ஒருவர்.

"சர்க்கர கம்மி. உனக்கும் ஒண்ணு சொல்லட்டாண்ணா?" என்றார் அக்கா.

கடைக்காரரே சிரித்துவிட்டு உள்ளே போய், பிரேக்குக்கென்றே வரும் பைப் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே நூல் வைத்து அழுத்தமாகச் செய்தது, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவது. அக்கா முகம் சிவக்க இழுத்தும் அது அசையவில்லை. நம் வண்டிக்கென்று வளைத்து வந்த பைப் இனி கிடைக்காது என்றும், இதைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, மடங்காமல் சுற்றிக் கொண்டுபோனால் போதும் என்றும் கடைக்காரர் சொன்னார்.

மாட்டியவர் சின்னசேலம் மெக்கானிக் ஏழுமலை அண்ணன். பழைய பைப்பில் இருந்த வால்வைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அதையே போட்டார். "வாய் இழுக்கிறது வேற, இன்ஜின் இழுக்கிறது வேறம்மா. இப்ப பாரு" என்று அக்காவைச் சீட்டில் உட்காரச் சொன்னார். இன்ஜின் நின்றிருக்கும்போதே பெடலைப் பல தரம் மிதித்து, அது கெட்டியானதும் காலை எடுக்காமல் இன்ஜினைப் போட வேண்டும். உறிஞ்சல் சரியாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். அக்கா சாவியைத் திருப்பினார். கால் இறங்கியது.

"எறங்கிச்சா?" என்று நான் கேட்டேன்.

"எறங்கிச்சுடி."

நான் நம்பாமல் மறுபடியும் செய்யச் சொன்னேன். மூன்றாவது தரமும் சொன்னபோது ஏழுமலை அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலில் ஊருக்குள் சுற்றினோம். பிறகு அடிவாரம் வரை போய் வந்தோம். அதன்பிறகே மலை ஏறினோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நேராகப் பெரியண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அக்கா ஹார்ன் அடித்தார். அவர் துண்டோடு வெளியே வந்தார்.

"எறங்கிட்டேன்ணா."

"ஒரு தரம் எறங்கினா ஆச்சா? எத்தினி நாளைக்கு ஓடுதுன்னு பாப்போம்."

"சரிண்ணா, பாருங்க. பலாப்பழம் ஒண்ணு வெச்சிட்டுப் போறேன். இதுக்குக் காசு வாணாம்."

அந்தப் பைப்போடு அக்கா இரண்டு வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கினார். வெள்ளையம்மாவின் பேத்தியைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தது அந்த வண்டி. தினமும் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்பே பெடலை மிதித்துப் பார்த்துவிடுவார்.

பிறகுதான் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. டீசல் வண்டிச் சூடு பெண்பிள்ளை வயிற்றுக்கு ஆகாது, அதனால்தான் என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களே அக்காவின் காது கேட்கச் சொன்னார்கள். நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பயத்தில் மறுபடியும் போய்க் கேட்டேன். "வண்டி ஓட்டுறதால இது வராதும்மா. நீங்க எத்தனை தரம் கேட்டாலும் வராது" என்றார். சூடு என்று சொன்னவர்கள் அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் அக்காவின் வண்டியில்தான். லைசென்ஸ் எடுத்திருந்த கவிதா ஓட்டினாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய நாளில், அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்து வந்தார். சின்னசேலம் வந்ததும் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. கவிதா பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்காமல் நின்றது. அக்கா கண்ணைத் திறக்காமலே, "நல்லா புடிக்குதுடி" என்றார். இரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். வண்டியை விற்க மாட்டோம். கவிதா படிப்பு முடித்துவிட்டாள், அம்மாவின் தொழிலைச் செய்வேன் என்கிறாள். மாமாவும் தலையாட்டிவிட்டார். நினைவு நாள் படையல் முடிந்ததும் வண்டி மலைக்குப் போகிறது. புடவை மூட்டை கட்டியாகிவிட்டது. முன்சீட்டில் மாமா, பின்சீட்டில் நான். பையில் கல் இருக்கும். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே போவேன்.

அக்கா படுத்திருந்தபோது மாமாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டாருக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், கூலி பேசாமல் வந்து வண்டியைப் பார்த்துக் கொடுத்த ஏழுமலை அண்ணனுக்கும், நல்ல பைப்பைத் தேடி எடுத்துத் தந்த சேலம் கடைக்காரருக்கும், காரியத்தன்று மலையிலிருந்து புளியும் தேனும் சுமந்து நடந்தே இறங்கி வந்த வெள்ளையம்மாவுக்கும் அவர் ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. காரியத்தன்று பந்தலில், நம் வழக்கப்படி, இறந்தவர் யாருக்காவது கொடுக்க வேண்டுமா, இறந்தவருக்கு யாராவது கொடுக்க வேண்டுமா என்று சபையில் கேட்டார்கள். அக்கா யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று மாமா கையசைத்தார். இரண்டாவது கேள்விக்கு யாரும் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், சபையில் கேட்டதற்கான பதிலாக எடுத்துக்கொள்ளவும். எங்கள் அக்கா மலை இறங்கி வந்ததற்காகப் பெரியண்ணன் கொடுக்க வேண்டியது: ரூபாய் இரண்டாயிரம்.