காட்சிக்கு வைத்த வள்ளம்

சுற்றுலா வான் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் சண்டை நடந்த இடங்களைப் பார்க்க வரும் ஆட்கள்தான். கிளிநொச்சியில் ஏற்றி, ஆனையிறவில் இறக்கி, படம் எடுக்க விட்டு, முல்லைத்தீவுக் கரை வரை போய்த் திரும்புவது. முதலில் நிறையக் கதை சொன்னேன். பிறகு அலுத்துவிட்டது. அந்தந்த இடத்துப் பலகையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வானுக்குத் திரும்பிவிடுவேன்.

அந்தக் காலத்தில்தான் வசந்தி வந்தார். முள்ளிவாய்க்காலில் பிறந்து, நோர்வேயில் இருப்பவர். படையினர் நடத்தும் திறந்தவெளிக் காட்சியகம் ஒன்றில், பிடிபட்ட படகுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கடைசிப் படகின் பலகையில் ‘தாக்குதல் படகு’ என்றிருந்தது. அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“அண்ணை, இது அப்பான்ரை வள்ளம்.”

“எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும், தங்கச்சி.”

“முன்பக்கத்து அணியத்தில அந்தப் பச்சை ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கோ. நீலப் பெயின்ற் முடிஞ்சுபோச்செண்டு, சைக்கிளுக்கு அடிச்ச பச்சையைப் பூசினவர். நான்தான் பெயின்ற் பேணியைப் பிடிச்சனான்.”

கயிற்றுக்கு மேலால் எட்டி அந்த ஒட்டில் கையை வைத்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் ஓடி வந்தான். தொடக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னான்.

“அவரிட்டைச் சொல்லுங்கோ, அண்ணை. இது மீன் பிடிச்ச வள்ளம். சண்டையின்ரை கடைசி நாளில அப்பா இதைக் கரையில விட்டிட்டு எங்களோட நடந்தவர். பிறகு அவரைக் காணேல்லை.”

அந்த வாசலுக்கு நான் திரும்பத் திரும்ப வரவேண்டியவன். எதையாவது மாற்றிச் சொல்லலாம், இரண்டு பேருக்கும் தெரியவராது. ஆனால் வசந்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன்.

சிப்பாய் படகைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

“அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், ஐயா. எனக்குத் தெரியாது,” என்றான். பிறகு வரிசையின் மறுமுனைக்கு நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வசந்தி கன்னத்தை அந்தப் பச்சையில் வைத்தார்.

“அந்தப் பலகை தெரியாமல் ஒரு படம் எடுங்கோ, அண்ணை.”

எடுத்தேன். திரும்பும் வழியில், பரந்தனில் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“சண்டையில ஓடேக்கை எல்லாம் விட்டுப்போச்சு. அப்பான்ரை படமெண்டு எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை. இப்ப இது இருக்கு.”

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒருவர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டால், நேரம் போகிறது என்று கூப்பிடாதீர்கள். உங்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான். இருந்தாலும் பக்கத்தில் நில்லுங்கள்.