செவட்டைக்கு மூன்று பெயர்

அக்கா தொகுக்கும் புத்தகங்களுக்கு நான்தான் ஆலோசகர் என்று பல வருடம் ஊருக்குள் மார்தட்டித் திரிந்தவன் நான். என்னை எதற்காகக் கூப்பிட்டார் என்பது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஓராண்டுக்கு முன் நம்மைவிட்டுப் பிரிந்த அக்கா, சின்னமனூரில் திராட்சை விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, கொடிகளையும் என்னையும் அவரே வளர்த்தார். கொடிகள் நன்றாக வந்தன. பிறகு படித்து, பெரியகுளத்தில் மொழிபெயர்ப்பாளரானார்.

ஆங்கிலமும் தமிழும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சான பயிர் நூல்களிலிருந்து துறைச் சொற்களைப் பொறுக்கியெடுத்து, யாருக்கு எது என்று பிரிப்பது அவர் வேலை. திராட்சை இலையின் அடியில் வெள்ளையாகப் படருமே, அந்த ஒரே நோய் அதிகாரிக்கு டவுனி மில்டியூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அடிச்சாம்பல், நமக்குச் செவட்டை. விவசாயிகளுக்கான சொற்களை என்னிடம் வாசிப்பார். நான் தலையாட்டினால் சேர்ப்பார். திருதிருவென விழித்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுவார்.

உடல் தளர்ந்த கடைசி மாதங்களில் அவருக்கு ஒரே ஆசைதான்: கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக்கு முன் விவசாயிகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். அக்காவை அசத்திவிட எண்ணி, கல்லூரிப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன்.

"பரவாயில்லையே ஏலே, தேறிட்ட!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அச்சுக்குப் போகுமுன் பக்கத்துத் தோட்டத்து மதினி வாசித்துப் பார்த்தார்.

"அடிச்சாம்பல்னு என்னமோ போட்டிருக்காக. நம்ம கொடிக்கு அதெல்லாம் வாரதில்லையே, ஆத்தா" என்று, மருந்து எழுதியிருந்த பக்கத்தையே தள்ளிவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். உண்மையைக் கக்கினேன். படுக்கையிலும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னுதானலே ஒன்னயவே கூப்பிட்டேன்!"

மதினியை அருகில் உட்கார்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினார். தோட்டங்களில் கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்குமுன் புத்தகம் வந்துவிட்டது. அதை மடியில் வைத்து அக்கா தடவிப் பார்த்ததைக் கண்டோம். அந்த மகிழ்ச்சியைத் தந்த மதினிக்கும், வேறு வேலையை ஒதுக்கி அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், மகளைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

புத்தகம் வந்த அன்றே அக்காவிடம் கேட்டேன்: "இப்பத்தான் எனக்கு எல்லாப் பேரும் தெரிஞ்சுபோச்சேக்கா. அடுத்த புத்தகத்துக்கு என்னயக் கூப்பிடுவியா?"

"மறந்துட்டு வா."